புல்லேறிய காட்டை உழுவதற்கு முன்



நம் மாதாந்திரக் கூட்டத்துக்கு இப்போது புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் திருப்பூர்க்காரர்கள். கட்டிங் மாஸ்டராக இருந்தவர், சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்தி மூடியவர், என்னைப் போல ஓய்வு பெற்றவர். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அப்பா காலத்துக் காடு இருக்குதுங்க. பல வருசமாச் சும்மா கெடந்து புல்லேறிப் போச்சு. மொதல்ல என்ன செய்யறது?" அதற்கு நான் தெரிந்து சொல்வதை விட, தெரியாமல் செய்து கெடுத்ததைச் சொன்னால் அதிகம் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

வங்கியில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றேன். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர். அப்பா இருந்தவரை கிணற்றைச் சுற்றி நாலு ஏக்கர் தோட்டம், மேற்கே இரண்டு ஏக்கர் கொறங்காடு. 2001-ல் அவர் போன பிறகு பண்ணயம் நின்றது. தம்பி திருப்பூரில் தொழில், நான் ஊர் ஊராக மாற்றல். பதினெட்டு வருடம் காட்டை யாரும் தொடவில்லை.

நான் திரும்பி வந்தபோது கிணற்று மேட்டில் கோரை, பள்ளத்தில் அருகு, வரப்போரம் பார்த்தீனியம், மூலைக்கு மூலை சீமைக்கருவேலம். மேற்கே இடுப்பளவு காய்ந்த புல். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்: களை.

ரோட்டவேட்டர் செய்த வேலை

2019 வைகாசியில் ஒரு மழை கிடைத்தது. மறுநாளே டிராக்டரை வரச்சொல்லி ரோட்டவேட்டர் விட்டேன். இரண்டு நாளில் காடு மாவு மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டு வருடப் புல் ஒரே நாளில் மறைந்தது. தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவனும் "சூப்பர்ண்ணா" என்றான்.

கிணற்றை ஒட்டி ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் நட்டேன். பன்னிரண்டாம் நாள் வெங்காயத்துக்கு முன்னால் கோரை எழுந்து நின்றது. முன்பு திட்டுத் திட்டாக இருந்தது, இப்போது ஜமுக்காளம் விரித்த மாதிரி ஏக்கர் முழுக்க. களை எடுக்க ஆள் தேடினால், எங்கள் ஊர்ப் பெண்கள் காலை ஏழு மணிக்கே பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். நிழலில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் வேலை, வாரக் கடைசியில் கையில் சம்பளம். வெயிலில் குனிந்து கோரை பிடுங்க யார் வருவார்கள்? அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திருப்பூர்க் கிளையில் இருந்தபோது தையல் மெஷின் கடன் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்!

கெஞ்சிக் கூப்பிட்டு இரண்டு முறை களை எடுத்தேன். 46 ஆள், ஆளுக்கு 350 ரூபாய், மொத்தம் 16,100. மூன்றாவது முறைக்கு ஆளும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. வெங்காயம் கோழிமுட்டை அளவு வரும் என்று கனவு கண்டேன். வந்தது புளியங்கொட்டை அளவு.

ஏன் இப்படி ஆயிற்று? கோரையைத் தோண்டிப் பார்த்தால் புரியும். மண்ணுக்குள் கிழங்குகள் பாசிமணி கோத்த மாதிரி ஒரு வேர்த்தண்டில் வரிசையாக இருக்கும். பெரும்பாலானவை மேல் அரை அடிக்குள். மேலே ஒன்று முளைத்துவிட்டால் கோவையில் இருக்கும் மற்றவை தூங்கிக்கொண்டிருக்கும். கோவையை அறுத்துவிட்டால் தூங்கியதெல்லாம் தனித்தனியாக முளைக்கும். ரோட்டவேட்டர் அறுத்தது, ஈர மண்ணோடு கலந்தது, காடு முழுக்கச் சமமாக இறைத்தும் கொடுத்தது. விதைக்கும் கருவி கூட அவ்வளவு சீராக இறைக்காது. அருகும் அப்படித்தான். தரைக்கு மேல் ஓடும் கொடி, தரைக்குக் கீழ் ஓடும் தண்டு, இரண்டிலும் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.

லிராய் ஹோம் என்ற அமெரிக்கக் களை அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1977-ல் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதல் இடம் கோரைக்கு, இரண்டாவது இடம் அருகுக்கு. நம் ஊரில் அருகு பிள்ளையாருக்கு, கோரைக்கிழங்கு நாட்டு மருந்துக்கு. உலகப் பட்டியலின் முதல் இரண்டும் என் ஒரே கிணற்று மேட்டில் இருந்தன. அவற்றை இரண்டு நாளில் ஜெயித்துவிட்டதாக நான் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

ஆத்தா சொன்ன சொல்

அதை விடப் பெரிய தப்பு மேற்கே நடந்தது. தோட்டம் முடிந்ததும் டிராக்டரைக் கொறங்காட்டுக்குள் விட்டேன். ஒரு ஏக்கர் ஓட்டி முடிக்கும்போது பக்கத்து ஊர் ஆத்தா இட்டேரியில் வேகமாக வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பதினைந்து செம்மறி வைத்திருக்கிறார். பத்து வருடமாக எங்கள் காட்டில்தான் மேய்ச்சல். அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். மண்ணில் கிடந்த புல் தூரைக் கையில் எடுத்தார்.

"ஏஞ்சாமி, புல்லுக்கும் களைக்கும் வித்தியாசந் தெரியாமயா ஓட்டுனீங்க? இது கொழுக்கட்டையாச்சே. உங்கப்பாரு இந்தப் புல்லுக்காக வேலி கட்டுனவரு."

அது கொழுக்கட்டைப் புல். கொறங்காடு என்றால் என்ன என்று தெரியாத புதியவர்களுக்கு: கிளுவை வேலி சுற்றிலும், உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நம் பக்கத்து மேய்ச்சல் நிலம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் காங்கயம் மாடுகள் இந்தப் புல்லில்தான் வளர்ந்தன. கண்ணபுரம் சந்தைக்குச் சித்திரையில் வரும் மாடுகளின் உடம்பில் இருப்பது இந்தப் புல்தான். வெள்வேலங்காய் கோடையில் ஆடு மாட்டுக்குத் தீனி. கிளுவை வேலிக்குக் கம்பியும் வேண்டாம், கல்லும் வேண்டாம், போத்து நட்டால் போதும். மழை குறைந்த, சரளை கலந்த செம்மண்ணில் வேறு எந்த வெள்ளாமையும் இவ்வளவு குறைந்த செலவில் நிற்காது.

அப்பா அந்த இரண்டு ஏக்கரை உழாமல் வைத்திருந்தது சோம்பலால் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். உழுதால் கெட்டுவிடும் மேல்மண் அது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் உழுத ஒரு ஏக்கரில் அந்த வருடம் ஐப்பசி மழைக்குப் பார்த்தீனியம்தான் வந்தது. ஆத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டி வந்தது. இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஆகவே முதல் பாடம்: கலப்பை எடுக்கும் முன் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்து பாருங்கள். எந்த மூலையில் எந்தப் புல் என்று ஒரு தாளில் படம் போடுங்கள். ஊரில் ஆடு மாடு மேய்ப்பவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு எனக்கு இருந்தது, ஆனால் என் காட்டைப் படிக்கத் தெரிந்தவர் அவர்.

கோரை அடர்ந்த இடம் என்றால் முன்பு பாசனம் நடந்த, ஈரம் தங்கும் மண். அங்கே வெள்ளாமை வரும், ஆனால் கோரைக்கு ஒரு வருடம் ஒதுக்க வேண்டும். அருகு படர்ந்த இடத்தில் உவர் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பையும் தாங்கி நிற்கும் புல் அது. கொழுக்கட்டை நிற்கும் இடத்தை உழ வேண்டாம். கொழிஞ்சி நிற்கும் இடம் வரப்பிரசாதம், அதுவே பசுந்தாள் உரம். ஆடு மாடு அதைக் கடிக்காது.

உப்பு இருக்கிறதா?

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் நொய்யல் கரைப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கினார். என்னைப் பார்த்து அவரும் சணப்பு விதைத்தார். முழங்கால் அளவில் மஞ்சளாகி நின்றுவிட்டது. மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்த பிறகுதான் உப்பு என்று தெரிந்தது.

சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டு, கடைசியில் சாயக்கழிவு தேங்கும் குளமாக நின்றது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரைச் சுத்திகரித்து முழுக்க மறுபடி பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றானது. ஆனால் முன்பு மண்ணில் இறங்கிய உப்பு உத்தரவு போட்டவுடன் போய்விடாது.

நொய்யல் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் எந்த விதையும் வாங்கும் முன் மண்ணின் உப்பு அளவையும் கார அமில நிலையையும் பார்த்துவிடுங்கள். உப்பு இருந்தால் சணப்பு வேண்டாம், தக்கைப்பூண்டு போடுங்கள். அது உப்பையும் களரையும் தாங்கும். நண்பர் அடுத்த வருடம் அதைத்தான் செய்தார். மார்பளவு வந்தது.

இரண்டு குறுக்கு வழிகள்

வெங்காயம் போன வருத்தத்தில் இருந்தபோது இரண்டு யோசனைகள் வந்தன.

ஒன்று களைக்கொல்லி. "ஒரே அடி, எல்லாம் கருகிடும்" என்றார் ஒருவர். கிளைபோசேட் இலை வழியாக இறங்கி வேரைக் கொல்லும் மருந்து. ஆனால் மண்ணில் தூங்கும் கோரைக் கிழங்குக்கு இலையே இல்லை. மருந்து அதைத் தொடாது, அடுத்த மழைக்கு எழுந்து வரும். மறுபடி அடி, மறுபடி வாங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் கிளைபோசேட்டை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவை என்ற வகையில் சேர்த்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசும், பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலம் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. வங்கிக்காரன் கண்ணால் பார்த்தாலும் இது முதல் அடையாத கடன்தான். வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று தம்பியின் யோசனை. "கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக் கெடக்குதுண்ணா. மூடாக்காப் போட்டுப் பாரு, காட்டன்தானே." பருத்திதான், மண்ணில் மக்கும்தான் என்று நம்பி இரண்டு சென்டில் ஒரு சாண் உயரம் பரப்பினேன். மூன்று மாதத்தில் அருகு அதைத் துளைத்துக்கொண்டு வந்தது. துணியில் பருத்தி மக்கியது. லைக்ராவும் பாலியஸ்டரும் நூல் நூலாக அப்படியே நின்றன. உழப்போனால் கொத்தில் சுற்றிக்கொண்டன. வருடம் ஐந்தாகியும் மழை பெய்தால் இன்னும் ஊதாவும் பச்சையுமாக நூல் தலை நீட்டுகிறது. சாயம் வேறு. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். வீட்டுக் காய்கறிப் பாத்தி மாதிரிச் சின்ன இடம் என்றால் அச்சில்லாத பழுப்பு அட்டைப் பெட்டியை டேப் உரித்துவிட்டு விரித்து, மேலே சாணி, அதன் மேல் சோளத்தட்டு போடலாம். அது மக்கும், புல்லையும் அடக்கும். ஏக்கர் கணக்கில் முடியாது.

ஓராண்டு வேலை

நம்மாழ்வார் ஐயா பல தானிய விதைப்பை ஊர் ஊராகச் சொன்னவர். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் சுருமான்பட்டியில் அவர் தொடங்கிய வானகமும் வறண்ட மேட்டு நிலம்தான். உயிரில்லாத மண்ணுக்கு முதலில் தீனி போடு, பிறகு உன் பயிரைக் கேள் என்பதுதான் அவர் வழி. அதோடு கோரைக்குத் தேவையானதைச் சேர்த்து 2020-ல் நான் செய்தது இது.

மாசி, பங்குனி: ஆத்தாவின் செம்மறிகளைத் தோட்டத்தில் விட்டு, மேலே இருந்த பச்சையைக் கடிக்கவிட்டேன். சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டி எடுத்தேன். தூரை வெட்டி விட்டால் மறுபடி துளிர்க்கும்.

சித்திரை: முதல் கோடை மழை முடிந்து மண் புட்டுப் பதத்துக்கு வந்ததும் அஞ்சு கொத்துக் கலப்பையில் ஒருமுறை, நாலு நாள் கழித்துக் குறுக்கே ஒருமுறை. ரோட்டவேட்டர் கிடையாது. கொத்துக் கலப்பை கோரைக் கோவையையும் அருகு வேரையும் நீளமாக இழுத்து மேலே போடும். அறுபடுவது குறைவு. போட்டதை அக்னி நட்சத்திர வெயில் பார்த்துக்கொள்ளும். ஈரம் வற்றினால் கோரைக்கிழங்கு செத்துவிடும், அதுதான் அதன் பலவீனம். ஆகையால் உழுத பிறகு தண்ணீர் விடக்கூடாது. மேலே கிடந்ததில் முடிந்த அளவு பொறுக்கி வரப்புக்கு வெளியே குவித்துக் காயவிட்டேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது ஊரடங்கு நேரம். பனியன் கம்பெனிகள் மூடிக்கிடந்தன, வேன் வரவில்லை. ஊர்ப் பெண்கள் அக்கம்பக்கத்தில் வேலை தேடினார்கள். 12 ஆள் வந்து ஒரு ஏக்கரில் பொறுக்கிக் கொடுத்தார்கள். இடைவெளி விட்டு, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு. சாதாரண வருடத்தில் எனக்கு அந்த ஆள் கிடைத்திருக்காது. ஆள் இல்லாதவர்கள் பொறுக்குவதை விட்டுவிட்டு உழவை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். நாள் அதிகமாகும், பலன் வரும்.

வைகாசி: அடுத்த மழைக்கு மிஞ்சிய கிழங்கு முளைத்தது. முளைத்து மூன்று வாரத்துக்குள் மறுபடி உழுதேன். அதைத் தாண்டவிட்டால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். கிழங்கு சேர்த்து வைத்த சத்தைச் செலவழிக்க விட்டு, சம்பாதிக்கும் முன் அறுப்பதுதான் சூட்சுமம். இப்படி மொத்தம் ஐந்து உழவு.

ஆனி: பல தானிய விதைப்பு. சோளம், கம்பு, தினை, சாமை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு. எள், நிலக்கடலை, சூரியகாந்தி, ஆமணக்கு. கொத்தமல்லி, கடுகு, வெந்தயம், சோம்பு. சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, அவுரி. ஏக்கருக்கு 25 கிலோ. சணப்பையும் தட்டைப்பயறையும் கூட்டிப் போட்டேன், நெருக்கமாக வர வேண்டும் என்பதற்காக. கோரைக்கு வெயில் பிடிக்கும், நிழல் ஆகாது. தரை தெரியாமல் மூடினால் மெலிந்துவிடும். நம் பக்கம் ஆனி ஆடியில் காற்றுதான் அதிகம், மழை குறைவு. ஆகையால் கிணற்றுத் தண்ணீரில் தெளிப்பு நீர் கொடுத்தேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கலப்பில் ஆடு மாட்டை விடாதீர்கள். ஆமணக்கு விஷம். வாடிய இளஞ்சோளமும் உயிரைக் குடிக்கும்.

ஆவணி: ஐம்பதாம் நாள், பூ எடுக்கும்போது மடக்கி உழுதேன். இரண்டு வாரம் மக்கவிட்டேன்.

புரட்டாசி: வடகிழக்கு மழைக்கு முன் கொள்ளு, வழக்கத்தை விட நெருக்கமாக ஏக்கருக்கு 15 கிலோ. கொள்ளுக்கொடி பாய் விரித்த மாதிரி படரும். கோரைக் காட்டுக்குக் கொள்ளு என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

தை: கொள்ளு அறுத்த பிறகு பட்டி. ஆத்தாவின் ஆடும் அவர் உறவினர் ஆடும் சேர்ந்து, படலை நாளுக்கு நாள் மாற்றிப் போட்டுப் பத்து இரவு. பட்டி அடைக்கும்போது ஆடு அதற்கு முன் என்ன தின்றது என்று கேளுங்கள். சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடு என்றால் புழுக்கையோடு விதையும் வரும். எனக்கு வந்தது. மழைக்கு முளைத்ததை விரல் நீளத்தில் பார்த்துப் பிடுங்கினேன், ஆறு மாதம் விட்டிருந்தால் கடப்பாரை வேண்டும்.

அடுத்த சித்திரையில் மறுபடி ஒரு வெயில் உழவு. பிறகுதான் பயிர்.

கணக்கு

அந்த ஒரு ஏக்கருக்கு ஓராண்டுச் செலவு: உழவு 5,000, பொறுக்க ஆள் கூலி 4,800, பல தானிய விதை 2,500, கொள்ளு விதை 1,200. மொத்தம் 13,500 ரூபாய். பட்டிக்கு நெல்லும் கொள்ளும் கொடுத்தேன். முதல் வருடம் களை எடுக்க மட்டும் கொட்டிய 16,100-ஐ விட இது குறைவு. தவிர, கொள்ளு வீட்டுக்கும் மாட்டுக்கும் ஆனது.

2021 வைகாசியில் அதே ஏக்கரில் மறுபடி சின்ன வெங்காயம். இரண்டு களை, மொத்தம் 17 ஆள். கோரை ஒழிந்ததா? ஒழியவில்லை. ஒழியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். வாய்க்கால் ஓரமும் கிணற்று மேட்டின் வடக்கு மூலையும் இன்றைக்கும் அதன் ராஜ்ஜியம்தான். ஆனால் வெங்காயம் அதற்கு முன்னால் எழுந்து நின்றது, எனக்கு அது போதும். மீதி மூன்று ஏக்கரை ஒரே வருடத்தில் தொடவில்லை. வருடம் ஒரு ஏக்கர் என்று இதே வரிசையில் எடுத்தேன். நம் கையில் இருக்கும் ஆளும் தண்ணீரும் எவ்வளவோ அவ்வளவு நிலத்தைத்தான் திறக்க வேண்டும்.

"உழவே வேண்டாம் என்று ஃபுகோகா சொன்னாரே, நீங்கள் ஐந்து உழவு உழுகிறீர்களே?" என்று கூட்டத்தில் ஒரு இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. ஒற்றை வைக்கோல் புரட்சியைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர் தொடக்கத்தில் தன் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கைவைக்காமல் அப்படியே விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. மனிதன் கைவைத்து மாற்றிய ஒன்றைத் திடீரென்று கைவிடுவது இயற்கை ஆகாது என்று அவர் அங்கே கற்றுக்கொண்டார். என் கிணற்று மேடும் அப்பா காலத்தில் உழுது, பாசனம் பாய்ச்சி, பிறகு நான் கைவிட்ட நிலம். அதைத் திருப்பிக் கொண்டுவர முதல் ஓராண்டு உழவு தேவைப்பட்டது. இப்போது மூடாக்குப் போட்டு, வருடத்துக்கு ஒரு உழவில் நிற்கிறேன். உழாமலே நிறுத்த முடியுமா என்று அரை ஏக்கரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கெடுத்த ஒரு ஏக்கர்

உழாத கொறங்காடு ஒரு ஏக்கர் அப்படியே இருக்கிறது. உழுத ஏக்கரில் கொழுக்கட்டையை மறுபடி கொண்டுவரப் பார்த்தேன். பக்கத்து ஏக்கரில் முற்றிய கதிரை உருவிச் சேர்த்தேன். புதிதாக எடுத்த விதை சரியாக முளைக்காது. ஆறேழு மாதம் வைத்திருந்து, ஏக்கருக்கு மூன்று கிலோ, ஈர மண்ணும் சாணியும் கலந்து உருட்டிப் புரட்டாசியில் மேலாக இறைக்க வேண்டும். ஆழத்தில் விழுந்தால் வராது. முதல் இரண்டு வருடம் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையால் பிடுங்கினேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அரிப்பு வரும். அந்த இரண்டு வருடமும் ஆடு விடவில்லை.

இன்றைக்குப் பாதிதான் புல். மீதிப் பாதி இன்னும் திட்டுத் திட்டாகச் சரளை தெரிகிறது. இரண்டு மணி நேரம் டிராக்டர் ஓட்டிக் கெடுத்ததை அத்தனை வருடமாகச் சரிசெய்கிறேன். போன கார்த்திகையில் ஆத்தாவை அழைத்துப் போய்க் காட்டினேன். குனிந்து ஒரு தூரை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"வேர் புடிச்சிருச்சு. இன்னும் ஒரு மழை பாருங்க, அப்பறம் குட்டிகளை மட்டும் உடறேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். அந்த ஏக்கரில் எப்போது ஆடு விடலாம் என்பதை இப்போது அவர்தான் முடிவு செய்கிறார்.

சித்திரைக்கு முன் தரிசைத் திருத்த நினைப்பவர்கள் ஒரு நாள் காட்டுக்கு வாருங்கள். கோரைக் கோவையைத் தோண்டிக் கையில் கொடுக்கிறேன். கொழுக்கட்டை விதை கொஞ்சம் உருவி வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு கைப்பிடி. டிராக்டரைக் கூப்பிடும் முன் வாருங்கள், அவ்வளவுதான் வேண்டுகோள்.